பீரோவில் தூங்கும் மண் அறிக்கைகளை எடுங்கள்: நெல்லைச் சீமைக்கு ஒரு நிலநடுக்க வரைபடம் கேட்டு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையங்களின் தலைவர்களான மாவட்ட ஆட்சியர்களுக்கும், ஆணைய உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் பாளையங்கோட்டையில் தொழில் செய்யும் கட்டடப் பொறியாளர். வீடு, கடை, கல்யாண மண்டபம், பள்ளிக்கூட வகுப்பறை என்று இந்தப் பக்கத்து மக்கள் கட்டுகிற எதற்கும் பிளான் போட்டுக் கொடுப்பதும், அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது குழிக்குள் இறங்கி மண்ணைப் பார்ப்பதும்தான் என் பிழைப்பு. அந்தக் குழிகளில் பார்த்ததை வைத்து உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒரே நிலநடுக்க அபாய வரைபடம் தயார் செய்யுங்கள். அதற்கு வேண்டிய தகவலில் ஒரு பெரும்பங்கு ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. அரசு அலுவலகங்களின் பீரோக்களிலும் என்னைப் போன்றவர்களின் கோப்புக் கட்டுகளிலும் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதைத் திரட்ட ஓர் உத்தரவு வேண்டும். அந்த உத்தரவைப் போடும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது.

“நம்ம ஊருல எங்க சார் பூகம்பம் வருது?” என்று வீடு கட்ட வருகிறவர்கள் என்னிடம் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2002இல் திருத்தப்பட்டு நெடுங்காலமாகப் புழங்கிவரும் தேசிய வரைபடம் நாட்டை இரண்டிலிருந்து ஐந்து வரை நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது. ஐந்து என்றால் ஆபத்து மிக அதிகம். நம் சமவெளி பெரும்பாலும் இரண்டாம் மண்டலம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் முழுவதும் மூன்றாம் மண்டலம். சரி, நாம் பத்திரமான இடத்தில் இருக்கிறோம் என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஆனால் 2002க்கு முன்னால் ஒன்றாம் மண்டலம் என்றும் ஒன்று இருந்தது. எல்லாவற்றிலும் ஆபத்து குறைந்தது என்று குறிக்கப்பட்ட பகுதி அது. மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரி அதற்குள்தான் இருந்தது. 1993 செப்டம்பர் 30 அன்று, ஊர் தூங்கிக்கொண்டிருந்த அதிகாலையில், ரிக்டர் அளவில் ஆறைச் சற்றே தாண்டிய நடுக்கம் அங்கே வந்தது. ஏறத்தாழ 10,000 பேர் இறந்துபோனார்கள். கல்லை மண்ணில் வைத்துக் கட்டிய தடித்த சுவர்களும், வெயிலுக்காகக் கனமாக மண் போட்டிருந்த கூரைகளும் தூங்கியவர்கள் மேல் விழுந்தன. அடுத்த திருத்தத்தில் ஒன்றாம் மண்டலத்தையே எடுத்துவிட்டு இரண்டோடு சேர்த்தார்கள்.

தெற்கிலும் பூமி அசையாமல் இருந்ததில்லை. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர் பக்கம் ஆறு ரிக்டர் அளவுக்கு ஒரு நடுக்கம் வந்திருக்கிறது. 2000 டிசம்பரில் கோட்டயம் மாவட்டத்து ஈராற்றுப்பேட்டைப் பக்கம் 5 அளவில் ஒன்று. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் 5.5 அளவில் இன்னொன்று. நெல்லையில் நாளையே பெரிய நடுக்கம் வரும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எந்த விஞ்ஞானியாலும் முடியாது. வாய்ப்பு குறைவு என்பது உண்மை. குறைவு என்றால் எவ்வளவு, எந்த ஊரில் எவ்வளவு என்பதைத்தான் யாரும் நமக்குச் சொல்லவில்லை.

2024 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் அம்பாசமுத்திரம், பாபநாசம் வட்டாரத்திலும் தென்காசி மாவட்டத்தின் சில ஊர்களிலும் தரை அதிர்ந்ததாக மக்கள் வீட்டைவிட்டு வெளியே வந்தார்கள். தேசிய நில அதிர்வு மையத்தின் பதிவில் அப்படி ஒன்றும் இல்லை என்று பிறகு செய்தி வந்தது. கல்குவாரி வெடியாக இருக்கும் என்றார்கள் சிலர். அணைக்கட்டுப் பக்கம் ஏதோ என்றார்கள் சிலர். வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் சொல்லவே வேண்டாம். அது என்ன அதிர்வு என்று எனக்கும் தெரியாது. நம் மாவட்டங்களுக்குள்ளேயே நெருக்கமாகக் கருவிகள் இருந்திருந்தால் வெடியா, நிலநடுக்கமா என்பதை அன்று மாலைக்குள் சொல்லியிருக்கலாம். இரண்டுக்கும் அலையின் வடிவமே வேறு.

இனி மண்ணுக்கு வருகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இதுதான்.

தேசிய வரைபடத்தில் நம் மூன்று மாவட்டங்களும் ஒரு கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். அந்த நகம் முழுவதும் ஒரே நிறம். தரையில் நின்று பார்த்தால் அப்படியா இருக்கிறது? பாபநாசத்தில் ஓர் ஆள் உயரம் தோண்டுவதற்குள் கடப்பாரை கருங்கல்லில் மோதி ‘ணங்’ என்கிறது. அங்கிருந்து பொருநையோடு, அதாவது தாமிரபரணியோடு, இறங்கி வந்தால் கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, சுத்தமல்லி எல்லாம் வயலும் வாய்க்காலும். தோண்டத் தோண்டக் களிமண், அதற்குக் கீழே ஆற்று மணல், அதற்கும் கீழேதான் பாறை. பாளையில் ஹைகிரவுண்ட் பக்கம் சரளை கலந்த செம்மண்ணும், கொஞ்ச ஆழத்திலேயே கெட்டியான சுக்காம்பாறையும். வடக்கே கயத்தாறு தாண்டிக் கோவில்பட்டி, எட்டயபுரம் போனால் கரிசல். மழைக்கு ஊதி வெயிலுக்கு வெடிக்கிற மண். தெற்கே சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணல். கிழக்கே ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர், புன்னைக்காயல் வரைக்கும் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். அங்கே கொஞ்சம் தோண்டினாலே ஊற்று கண் திறந்துவிடும்.

ஒரே நடுக்கம் இந்த இடங்களையெல்லாம் ஒரே மாதிரி ஆட்டாது. பாறைமேல் நிற்கிற வீட்டை அது சட்டென்று ஓர் உலுக்கு உலுக்கிவிட்டுப் போய்விடும். ஆழமான மெத்து மண்ணுக்குள் நுழையும்போது அதே அலை வேகம் குறைந்து, வீச்சு பெருகி, நீண்ட நேரம் ஆட்டும். தண்ணீர் ஊறிய தளர்ந்த மணலாக இருந்து, நடுக்கமும் போதிய பலத்தோடு வந்தால், மணல் தன் பிடியை விட்டுக் கூழாகிவிடும். மேலே இருக்கிற வீடு சாயும், அல்லது உள்ளே அமிழும்.

மெத்து மண் அலையைப் பெருக்கினால் என்ன ஆகும் என்பது 1985 செப்டம்பரில் மெக்சிகோ சிட்டியில் தெரிந்தது. நடுக்கத்தின் மையம் பசிபிக் கடலோரத்தில், நகரத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனாலும் நகரத்தின் ஒரு பகுதியில் மட்டும் அடுக்குமாடிகள் வரிசையாக விழுந்தன. காரணம், அந்தப் பகுதி பழைய ஏரியின் படுகைமேல் கட்டப்பட்டது. கெட்டித் தரையில் நின்ற பேட்டைகளுக்குப் பெரிய சேதம் இல்லை. நம் நாட்டிலேயே 2001 ஜனவரி 26 அன்று புஜ் நடுங்கியபோது 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் இடிந்தன. தூரம் மட்டும் யாரையும் காப்பாற்றிவிடாது என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

நம் ஊரை நினைத்துப் பாருங்கள். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்களை நம்பி வரிசையாகக் குளங்கள் வெட்டிவைத்தார்கள் நம் முன்னோர். திருநெல்வேலி நகரம் கடந்த ஐம்பது ஆண்டுகளில் வளர்ந்ததெல்லாம் பெரும்பாலும் குளத்தங்கரைகளிலும் குளத்துக்குள்ளும் நஞ்சை வயலிலும்தான். வேய்ந்தான்குளத்தை ஒட்டிப் பேருந்து நிலையம் வந்தது, அதைச் சுற்றிக் கடைகளும் லாட்ஜுகளும் வந்தன. வாய்க்கால் பாசனம் பாய்ந்த வயல்களில் லாரி லாரியாகச் சரளையைக் கொட்டி, கல் நட்டு, மனை போட்டு விற்கிறார்கள். மேலே நான்கு அடி சரளை. கீழே நூற்றாண்டுக் கணக்காகத் தண்ணீர் தேங்கிப் படிந்த வண்டல். மனை வாங்குகிறவர் கண்ணுக்குச் சரளை மட்டும்தான் தெரியும்.

இங்கே பழைய பாறைப் பிளவு ஒன்றையும் சொல்ல வேண்டும். கேரளத்து அச்சன்கோவிலிலிருந்து தென்கிழக்காக, செங்கோட்டை, தென்காசி வழியாக நம் சமவெளிக்குள் இறங்கும் ஒரு பிளவுப் பட்டையைப் புவியியல் அறிஞர்கள் வெகுகாலமாக ஆராய்ந்துவருகிறார்கள். பல கோடி ஆண்டுகள் பழையது. பழையது என்பதாலேயே செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது, உயிரோடு இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. எந்தப் பகுதியில் எப்போதாவது சின்ன அதிர்வுகள் பதிவாகின்றன என்று கருவி வைத்துப் பல ஆண்டுகள் கவனித்தால்தான் ஒரு முடிவுக்கு வரலாம். மலையின் இரண்டு பக்கத்திலும் ஓடுகிற பிளவு, மாவட்ட எல்லைக்கல்லைப் பார்த்து நின்றுவிடப் போவதில்லை. மூன்று ஆணையங்களுக்கும் சேர்த்து நான் எழுதுவதற்குக் காரணமும் அதுதான். மூன்று மாவட்டங்களும் தனித்தனியே டெண்டர் விட்டுத் தனித்தனிப் படம் போட்டால் சங்கரன்கோவிலில் ஒரு கணக்கும் கழுகுமலையில் இன்னொரு கணக்கும் வரும்.

அபாய வரைபடம் என்பது ஜோசியம் அல்ல. சுற்றுவட்டாரத்தில் ஒரு 300 கிலோமீட்டருக்குள் இதுவரை வந்த நடுக்கங்களையும், தெரிந்த பிளவுகளையும் பட்டியல் போடுவார்கள். எந்த அளவு நடுக்கம் எத்தனை காலத்துக்கு ஒருமுறை வரக்கூடும் என்று கணிப்பார்கள். அலை தூரத்தோடு எப்படித் தேயும் என்று கணக்கிடுவார்கள். கடைசியில், ஐம்பது ஆண்டுகளுக்குள் இந்த இடத்தில் இவ்வளவு பலமான ஆட்டம் வர பத்து சதவீத வாய்ப்பு உண்டு என்பது மாதிரி ஓர் எண் வரும். அது பாறைமட்டத்துக்கான எண். அதற்குமேல் மண்ணின் கணக்கைப் போட்டால்தான் தெருவுக்கு உதவும் வரைபடம் ஆகும். முதல் பாதியை ஐ.ஐ.டி.க்களும் தேசிய நில அதிர்வு மையமும் செய்துவிட முடியும். பெங்களூரு, டெல்லி, கொல்கத்தா போன்ற நகரங்களுக்கு, இடத்துக்கு இடம் மண்ணையும் சேர்த்துக் கணக்கிடும் நுண்மண்டல ஆய்வு நடந்திருக்கிறது. சென்னையும் கோவையும் தேசிய மையத்தின் பட்டியலில் இடம்பெற்றன. இரண்டாம் பாதியான மண் கணக்கை ஊர்க்காரர்கள்தான் தர முடியும்.

அந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன்.

மண் பரிசோதனை நடக்கும் இடத்துக்கு ஒருமுறை வந்து பாருங்கள். மூன்று கால் நட்டு, உச்சியில் கப்பி மாட்டி, கயிற்றில் 63.5 கிலோ எடையைத் தூக்கி, 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விடுவார்கள். கீழே குழாய் மண்ணுக்குள் இறங்கும். முதல் 15 சென்டிமீட்டரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருந்தது என்று ஒருவர் சாக்பீஸில் கோடு போட்டு எண்ணிக்கொண்டே இருப்பார். அந்த எண்ணிக்கைக்கு என்-வேல்யூ என்று பெயர். குளத்து வண்டலில் நாலைந்து முறை அடித்தாலே குழாய் இறங்கிவிடும். சுக்காம்பாறையில் ஐம்பது முறை அடித்தாலும் அசையாது, “ரீஃப்யூசல் சார்” என்று சொல்லிவிட்டுக் கயிற்றை விட்டுவிடுவார்கள். ஒன்றரை மீட்டருக்கு ஒரு தரம் இப்படி எண்ணி, எடுத்த மண்ணைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஆழம் எழுதி, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று குறித்து ஓர் அறிக்கை தருவார்கள்.

அந்த அறிக்கையின் ஆயுள் அஸ்திவாரம் போடும் வரைக்கும்தான். பில் பாஸானதும் கோப்பில் கட்டிவிடுவார்கள். பொதுப்பணித் துறை கட்டிய ஒவ்வொரு பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும், நெடுஞ்சாலைத் துறை கட்டிய ஒவ்வொரு பாலத்துக்கும், குடிநீர் வாரியத்தின் ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டிக்கும் இப்படி ஒன்று இருக்கும். நான்குவழிச் சாலைக்கு, இரட்டை ரயில்பாதைக்கு, மின்வாரியக் கோபுரங்களுக்கு, செல்போன் கோபுரங்களுக்கு இருக்கும். எல்லாவற்றையும்விடக் காற்றாலைகள்! ராதாபுரம், பணகுடி, வள்ளியூர், கயத்தாறு, ஆலங்குளம், சுரண்டை என்று எங்கே பார்த்தாலும் நிற்கின்றனவே, அவற்றின் அடித்தளமும் மண்ணைச் சோதித்துத்தானே போட வேண்டும்? தேரிக்காட்டிலும் பொட்டலிலும் தனியாக யாரும் காசு செலவழித்துத் துளை போட மாட்டார்கள். காற்றாலைக்காரர்கள் போட்டுவைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டு வாங்கினாலே மாவட்டத்தின் தெற்குப் பாதிக்கு ஓர் அடிப்படைப் படம் கிடைத்துவிடும்.

நான் கேட்கும் உத்தரவு இவ்வளவுதான். ஒரு சின்னப் படிவம் போடுங்கள். துளை போட்ட இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழவாரியாக மண் வகை, என்-வேல்யூ, தண்ணீர் மட்டம், போட்ட மாதம், ஆண்டு. யார் கட்டடம், என்ன செலவு என்பதெல்லாம் வேண்டாம். எல்லாத் துறைகளும் தங்களிடம் உள்ள பழைய அறிக்கைகளை ஆறு மாதத்துக்குள் அந்தப் படிவத்தில் தர வேண்டும் என்று சொல்லுங்கள். இனிமேல் அரசுப் பணத்தில் போடும் ஒவ்வொரு துளையின் கணக்கும் அங்கே வந்து சேர்ந்தால்தான் கடைசி பில் பாஸாகும் என்று ஒரு வரி சேருங்கள். தனியார் கணக்குகளைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. கேட்டாலே பலர் தருவார்கள்.

துளை இல்லாத இடங்களுக்கு வேறு வழி இருக்கிறது. தரையில் ஒரு கருவியை வைத்துவிட்டு அரைமணி நேரம் சும்மா இருந்தால், நம் காலுக்குத் தெரியாத நுண்ணிய அதிர்வுகளை அது பதிவு செய்து, கீழே மெத்து மண் எவ்வளவு ஆழம் என்று மதிப்பிட உதவும். துளை போடும் செலவில்லை. அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், நெல்லை அரசு பொறியியல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியின் புவியியல் துறை இவற்றின் மாணவர்கள் ஆளுக்கொரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டால் இரண்டு கோடை விடுமுறையில் நகரங்களையாவது முடித்துவிடலாம். பாளைக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. அவர்கள் வேலை முக்கியமாகக் காந்தப்புலத்தையும் வான்மண்டலத்தையும் பற்றியது என்றாலும், கருவியை வைத்து ராப்பகலாகப் பதிவெடுக்கும் அனுபவம் உள்ளவர்கள். அவர்களையும் அழையுங்கள்.

அணைகளை மறந்துவிடக் கூடாது. பாபநாசத்தின் முழு நீர்மட்டம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, 1958இல் கட்டிமுடித்த மணிமுத்தாறு 118 அடி. தினமும் பேப்பரில் பார்த்து நம் விவசாயிகளுக்கு மனப்பாடம். 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டத்தில், 30 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள அணைகளுக்குப் பக்கத்தில் நில அதிர்வு நிலையம் அமைக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. மகாராஷ்டிரத்துக் கொய்னா அணையில் தண்ணீர் தேக்கிய சில ஆண்டுகளில், 1967 டிசம்பரில், 6 ரிக்டரைத் தாண்டிய நடுக்கம் வந்து அந்த ஊரே சிதைந்ததை இந்த நாடு பார்த்திருக்கிறது. நம் மூன்று அணைகளிலும் சட்டம் சொல்லும் கருவிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று வெளியிடுங்கள். அவற்றின் பதிவுகள் இந்த வரைபடத்துக்கு வந்து சேர வேண்டும். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்காகவும் இந்தப் பகுதியின் பாறையும் பிளவுகளும் ஆராயப்பட்டிருக்கின்றன. நிலையத்தின் பாதுகாப்பு ரகசியம் எதுவும் எங்களுக்கு வேண்டாம். சுற்றுப்புறப் புவியியல் தகவலில் வெளியிடக்கூடியதை மாவட்டத்தோடு பகிரச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, படம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதனால் என்ன மாறும்? ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். பில்லர் கம்பியைச் சுற்றி ரிங் போடுவார்களே, அந்த ரிங்கின் இரண்டு முனையையும் எந்தக் கோணத்தில் மடிப்பது என்பதில் ஓர் உயிர் விஷயம் இருக்கிறது. பலகையில் ஆணி அடித்து, சாவி வைத்துக் கம்பி வளைக்கும் ஆள், வழக்கமாக முனையை ‘ட’ மாதிரி நேராக மடித்துவிடுவார். 90 டிகிரி. நடுக்கத்தில் பில்லர் முன்னும் பின்னும் ஆடும்போது மேல் கான்கிரீட் உதிர்ந்தால் அந்த முனை வெளியே விரிந்துவிடும். ரிங் திறந்தால் உள்ளே இருக்கும் நீளக் கம்பிகள் பிதுங்கும், பில்லர் நொறுங்கும். அதே முனையை 135 டிகிரி, அதாவது கான்கிரீட்டின் வயிற்றுக்குள் பார்க்கும்படி மடித்துவிட்டால் ரிங் திறக்காது. கூடுதல் கம்பி என்று சொல்லும்படி எதுவும் ஆகாது. மாட்டுவதற்குக் கொஞ்சம் சிரமம், கொஞ்சம் நேரம், அவ்வளவுதான். இந்திய தரநிலை இதை மூன்றாம் மண்டலத்திலிருந்துதான் கட்டாயமாக்குகிறது. நாம் இரண்டாம் மண்டலம் என்பதால், நான் சைட்டில் நின்று சொன்னால் “இங்க யாரும் அப்படி மடிக்க மாட்டாங்களே சார்” என்று பதில் வருகிறது. வண்டல் ஆழமாக உள்ள பகுதிகளில் இது கட்டாயம் என்று வரைபடத்தைக் காட்டி ஒரு விதி வந்தால், ஒரே ஆண்டில் ஊர் முழுக்கப் பழக்கமாகிவிடும். நம் கொத்தனார்களும் கம்பி கட்டுகிறவர்களும் புதிதாக ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்ளும் கெட்டிக்காரர்கள்.

இதே மாதிரிதான் கீழே முழுக்கக் கார் நிறுத்த விட்டுவிட்டு வெறும் பில்லர்மேல் மூன்று மாடி ஏற்றுவதும், முன்பக்கம் முழுக்க ஷட்டர் வைத்துக் கடை கட்டி மேலே வீடு போடுவதும். அகமதாபாத்தில் விழுந்தவற்றில் பல இந்தக் கார் நிறுத்த மாடிகள். சுவர் வீடுகளுக்கு ஜன்னல்மேல் மட்டும் துண்டு துண்டாகப் போடும் லிண்டலை வீட்டைச் சுற்றி ஒரே பட்டையாக ஓட்டிவிட்டாலே பெரிய பலம். எங்கே இதெல்லாம் கட்டாயம், எங்கே நல்லது, எங்கே அவ்வளவு தேவையில்லை என்று பிரித்துச் சொல்ல ஒரு படம் வேண்டும். 2024இலிருந்து 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. மக்களுக்கு அலைச்சல் குறைந்தது, மிக நல்லது. அந்த விண்ணப்பத்தில் சர்வே எண்ணைப் போட்டதும், “உங்கள் மனை ஆழமான வண்டல் பகுதியில் உள்ளது, அஸ்திவாரத்துக்கு இதைக் கவனியுங்கள்” என்று தமிழில் நான்கு வரி தானாக வந்தால் போதும். அதைவிடப் பெரிய உதவி ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு வேறில்லை.

இதில் எதிர்ப்பு வரும். மனை விலை விழுந்துவிடும் என்பார்கள். இந்தப் பயத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். மகள் கல்யாணத்துக்கு என்று சேரன்மகாதேவி ரோட்டில் நாலு சென்ட் வாங்கிப் போட்டவருக்கு, சிவப்பு நிறம் பூசிய படத்தில் தன் மனை தெரிந்தால் வயிறு எரியாதா? அதனால் படம் ‘இங்கே கட்டாதே’ என்று சொல்லக் கூடாது. ‘இங்கே இப்படிக் கட்டு’ என்று சொல்ல வேண்டும். மெத்து மண்ணிலும் நல்ல வீடு கட்டலாம். வீடு முழுக்க ஒரே பலகையாக ராஃப்ட் அஸ்திவாரம் போடலாம், கெட்டித் தரை வரை பைல் என்ற தூண்களை இறக்கலாம், மாடியைக் குறைக்கலாம், பாரத்தைப் பரப்பலாம். கேள்வி செலவு பற்றியது மட்டும்தான். அந்தச் செலவு மனை வாங்கும்போதே தெரிந்தால் வாங்குகிறவர் விலை பேசுவார். தெரியாமல் வாங்கினால், வாங்கியவர் தலையில் விழும். வெளியிடுவதற்கு முன்னால் வட்டாரத்துக்கு வட்டாரம் கூட்டம் போட்டு மக்களிடம் விளக்குங்கள். தவறு இருக்கிறது என்று ஒருவர் தன் மனையில் துளை போட்டுக் காட்டினால் திருத்துவதற்கு வழி வையுங்கள். அதனால் படமும் துல்லியமாகும்.

கட்டடங்களில் எங்கே முதலில் கை வைப்பது? பள்ளிக்கூடங்களில். நம் பகுதியில் நூறு ஆண்டு தாண்டிய மிஷன் பள்ளிகளும் அரசு உதவி பெறும் பள்ளிகளும் ஏராளம். கல்லும் சுண்ணாம்பும் வைத்த சுவர், மேலே மரக்கட்டை அடுக்கிச் செங்கல் பாவிய மட்டப்பா அல்லது ஓடு. அழகானவை, குளிர்ச்சியானவை, நான் படித்ததும் அப்படியொரு கட்டடத்தில்தான். இடிக்கச் சொல்லவில்லை. சுவரும் கூரையும் ஒன்றையொன்று பிடித்திருக்கிறதா என்று ஒரு பொறியாளர் அரைநாளில் பார்த்துச் சொல்லிவிடலாம். தேவையான இடத்தில் இரும்புப் பட்டை ஓட்டி, மூலைகளைக் கட்டிக் காப்பாற்றலாம். அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையங்கள், தீயணைப்பு நிலையங்கள், தாலுகா அலுவலகங்கள்.

பாலங்களையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். பெரிய அரசு ஆஸ்பத்திரி ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஹைகிரவுண்டில். டவுன், பேட்டை, தச்சநல்லூர் மக்கள் ஆற்றைத் தாண்டித்தான் வர வேண்டும். 1843இல் திறந்த சுலோசன முதலியார் பாலம் இன்றும் வண்டிகளைச் சுமக்கிறது. அதன் வளைவுகளும் மற்ற பாலங்களும் எந்த அளவு ஆட்டத்தைத் தாங்கும் என்று கணக்குப் போட்டதுண்டா? 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து ஊர்கள் துண்டிக்கப்பட்டன, ரயிலில் வந்தவர்கள் ஸ்டேஷனிலேயே சிக்கினார்கள். எந்தச் சாலை போனால் எந்த ஊருக்கு வழியே இருக்காது என்பதை அன்று தண்ணீருக்குள் நின்றுகொண்டு தெரிந்துகொண்டோம். வெள்ளத்துக்குப் போடும் படமும் நடுக்கத்துக்குப் போடும் படமும் இந்த விஷயத்தில் ஒன்றுக்கொன்று உதவும். வண்டல் மண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வெள்ளமும் வந்திருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்துக்கு ஹைதராபாத்திலிருந்து எச்சரிக்கை வர ஏற்பாடு ஆகிவிட்டது. உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி மக்கள் எந்த மேட்டுக்கு ஓடுவது என்பதையும் இதே படத்தில் சேர்த்துவிடலாம்.

பழைய நடுக்கங்களைப் பற்றிய தகவலும் நம் ஊரில் தேடப்படாமல் கிடக்கலாம். கருவிகள் வருவதற்கு முன்னால் நடந்தவற்றுக்குக் கோயில் ஆவணங்கள், மிஷனரிகளின் நாட்குறிப்புகள், பழைய கலெக்டர் ஆபீஸ் கடிதங்கள் இவைதான் சாட்சி. ‘பூமி அதிர்ந்தது’ என்று தேதியோடு ஒரு வரி கிடைத்தால்கூடக் கணக்குப் போடுகிறவர்களுக்குப் பெரிய துணை. வரலாற்றுத் துறை மாணவர்களுக்கு இதைக் கொடுங்கள், ஆசையாகச் செய்வார்கள்.

திருநெல்வேலிக்கான முழுமைத் திட்டத்தைத் தயாரிக்கும்போதும் திருத்தும்போதும் இந்த மண் வரைபடம் மேசைமேல் இருக்க வேண்டும். நகரம் அடுத்து எந்தத் திசையில் வளர வேண்டும் என்பதை இப்போது புரோக்கர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். மேட்டு நிலமும் கெட்டித் தரையும் தெற்கிலும் மேற்கிலும் நிறையவே இருக்க, ஆற்றோரத்து நஞ்சைதான் முதலில் மனையாகிறது. வயலும் போகிறது, வீடும் மெத்து மண்ணில் நிற்கிறது.

என்னிடம் உள்ள மண் அறிக்கைகளை, அந்தந்த வீட்டுக்காரர்களின் சம்மதத்தோடு, நாளைக்கே கொடுக்கத் தயாராக இருக்கிறேன். தொழிலில் உள்ள நண்பர்கள் பலரும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்த அலுவலகத்தில், எந்த அதிகாரியிடம், எந்தப் படிவத்தில் தர வேண்டும் என்று மூன்று ஆட்சியர்களும் சேர்ந்து ஓர் அறிவிப்பு வெளியிடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் வந்தால், மழையில் துளை போடும் வேலை நிற்கிற அந்த இரண்டு மாதத்திலேயே பழைய கோப்புகளை எல்லாம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கட்டடப் பொறியாளர்